ரிமோட் யாருடையது, காடியுடையதா, பெட்டியுடையதா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஓர் ஒட்டுக்கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, காடி (கார்) வயர்மேன் வேலை பார்க்கிறேன். மெக்கானிக் இஞ்சினைப் பிரிப்பார். நான் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடப்பேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் யாரும் புதுக் காடியை விடுவதில்லை. அதனால் என்னிடம் வருவதெல்லாம் இருபது வயது தாண்டியவைதான்.

"தம்பி, ரிமோட் செத்துப் போச்சு. புதுசு வாங்கிட்டேன். புரோகிராம் மட்டும் பண்ணிக் குடு." மாதத்தில் நாலைந்து பேராவது இப்படி வருகிறார்கள். கையில் ஆன்லைனில் வாங்கிய பளபளப்பான ரிமோட் இருக்கும். அதில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒன்று, பழைய ரிமோட் சாகவே இல்லை. இல்லையென்றால், வாங்கி வந்தது அந்தக் காடிக்குப் பேசவே பேசாத ரிமோட்.

புரோட்டோன் வீரா வந்தது 1993-இல், பெரோடுவா கஞ்சில் 1994-இல். அந்தக் காலத்துக் காடிகளில் நான் கை வைத்த பெரும்பாலானவற்றில் ரிமோட் தொழிற்சாலையில் வைத்ததல்ல. என்றைக்கோ ஒரு கடையில் அலாரம் பெட்டி வாங்கி, டேஷ்போர்டுக்குள் திணித்து, எல்லாக் கதவையும் சேர்த்துப் பூட்டும் சென்ட்ரல் லாக் வயரில் இணைத்திருப்பார்கள். ரிமோட் பேசுவது அந்தப் பெட்டியோடு. காடியின் பெயரைச் சொல்லி ரிமோட் வாங்கினால் பெட்டிக்கு அது எப்படித் தெரியும்?

எனவே காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். டேஷ்போர்டு மேல் தனியாக ஒட்டிய சிவப்பு எல்.இ.டி. மினுக்குகிறதா? ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கேயாவது ஒளித்து வைத்த சின்னப் பட்டன் விரலில் படுகிறதா? பானெட்டுக்குள் தனி சைரன் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் ரிமோட் அநேகமாகப் பெட்டியுடையது. காடியின் கையேட்டில் சொன்ன எந்த வித்தையும் அதற்குப் பலிக்காது.

பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

ரிமோட்டைக் கீழே வையுங்கள். டிரைவர் கதவின் பூட்டுக் குமிழைக் கையால் அழுத்துங்கள், அல்லது சாவியால் பூட்டுங்கள். மற்ற மூன்று கதவும் கூடவே பூட்டினால் சென்ட்ரல் லாக்கும் அதன் ஃபியூசும் நன்றாக இருக்கின்றன. கோளாறு ரிமோட்டிலோ, அதைக் கேட்கிற ரிசீவரிலோ இருக்கிறது. மற்ற கதவுகள் அசையாவிட்டால் ரிமோட்டை மறந்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள்.

அப்புறம் ரிமோட் பேட்டரி. இதை எல்லாரும் "மாத்திட்டேன் தம்பி" என்பார்கள். எதை மாற்றினார்கள் என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. சி.ஆர். 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் அதே அகலம், தடிமன் 2.5. மளிகைக் கடையில் 2032 இல்லையென்று 2025-ஐக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது உள்ளே போய் உட்காரும். எல்.இ.டி. கூட எரியும். பாக்கெட்டில் போட்டு நாலு எட்டு நடந்தால் தொடர்பு விட்டுப் போகும். பழைய அலாரம் ரிமோட்டுகளில் சுண்டுவிரல் நுனி போன்ற 23ஏ பேட்டரி இருக்கும். அது 12 வோல்ட். கடை அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்து, புதிது என்ற பெயரில் பாதி உயிரோடு வருவதும் உண்டு.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் பட்டனை அழுத்திக்கொண்டே பாருங்கள். சும்மா வைத்துப் பார்த்தால் கிழட்டு 2032 கூட 3 வோல்ட் காட்டும். அழுத்தியதும் சடாரென்று இறங்கினால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

எல்.இ.டி. எரிகிறதே என்பார்கள். எல்.இ.டி. எரிந்தால் பட்டன் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சிக்னல் வெளியே போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. டிவி ரிமோட்டை ஃபோன் கேமராவுக்கு முன் பிடித்துப் பார்ப்பதுபோல் இதையும் பிடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. டிவி ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. இது ரேடியோ அலை, கேமராவுக்குத் தெரியாது. சாவிக் கடைகளில் அதிர்வெண் பார்க்கும் சின்னக் கருவி இருக்கும். அதன் மேல் வைத்து அழுத்தினால் 315 என்றோ 433.92 மெகாஹெர்ட்ஸ் என்றோ எண் வரும். எண் வராவிட்டால் ரிமோட் ஊமை.

ஊமை ரிமோட்டையும் உடனே குப்பையில் போட வேண்டாம். திறந்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். போன மாதம் உரம் போடுகிற வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் கொண்டுவந்த ரிமோட்டில் பேட்டரித் தகட்டைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. சட்டைப் பையில் உரத் தூளும் வியர்வையும் சேர்ந்து ஊறிய ரிமோட் வேறு எப்படி இருக்கும்? பென்சில் ரப்பரால் தகட்டைத் தேய்த்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பலகையைத் துடைத்து, காயவைத்துப் போட்டோம். கதவு திறந்தது. அவர் வாங்கி வைத்திருந்த புது ரிமோட் இன்னும் பிரிக்காமல் அவரிடமே இருக்கிறது.

களிம்பு இல்லாவிட்டால் பட்டனின் கால்களைப் பாருங்கள். ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரிந்தால் அது விரிசல். மறுபடி சூடு வைத்தால் போதும். கீழே விழுந்த ரிமோட் என்றால் பலகையில் இருக்கும் பளபளப்பான சின்னத் தகர மூடிப் பாகத்தைச் சந்தேகப்படுங்கள். அதுதான் அதிர்வெண்ணைப் பிடித்து வைத்திருப்பது. அது உள்ளே உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

பதிவு செய்யும் நிலைக்கே போகமாட்டேன் என்கிறது

புது ரிமோட்டைக் காடிக்கு அறிமுகப்படுத்துவதுதான் பதிவு. என் பொழுது அதிகம் போவது இங்கேதான். பெட்டி இல்லை, ரிமோட் காடியுடையதே என்று உறுதியானால் மட்டும் இந்த வித்தைகளுக்கு வாருங்கள்.

2000-களில் வந்த நிசான் காடிகள் பலவற்றில் முறை இது. உள்ளே உட்கார்ந்து எல்லாக் கதவையும் சாத்திப் பூட்டுங்கள். சாவியைத் துவாரத்தில் முழுதாகச் செருகி முழுதாக வெளியே எடுங்கள். பத்து விநாடிக்குள் ஆறு முறைக்கு மேல் செய்ய வேண்டும். டபுள் சிக்னல் (இரண்டு பக்கச் சிக்னல் விளக்கும் சேர்ந்து) இரண்டு முறை மினுக்கினால் காடி காதைத் திறந்துவிட்டது. சாவியை ஏசிசி நிலைக்கு (ஆன் நிலைக்கு முந்தியது) திருப்பி, புது ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்துங்கள். மறுபடி இரண்டு முறை மினுக்கினால் பதிவாகிவிட்டது.

"ஆறு தடவை இல்ல, அறுபது தடவை பண்ணிட்டேன், மினுக்கவே இல்ல." இதற்குக் காரணம் பெரும்பாலும் ரிமோட் இல்லை. சாவி உள்ளே இருக்கிறதா என்று காடிக்குச் சொல்லும் சின்ன சுவிட்ச் சாவித் துவாரத்துக்குள் இருக்கிறது. அது தேய்ந்து போயிருந்தால் நீங்கள் செருகுவதும் எடுப்பதும் காடியின் கணக்கிலேயே ஏறாது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சாவியைச் செருகி டிரைவர் கதவைத் திறங்கள். சாவி உள்ளேயே இருக்கிறது என்று எச்சரிக்கும் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லையா? அல்லது சாவியை லேசாக ஆட்டும்போது விட்டு விட்டு அடிக்கிறதா? அப்படியென்றால் அந்த சுவிட்சை மாற்றும்வரை எந்த ரிமோட்டும் பதியாது. அவசரத்தில் சாவியை முழுதாக வெளியே எடுக்காமல் பாதியில் திரும்பச் செருகுவதும் இதே பலனைத்தான் தரும். நிதானமாக, ஆனால் நிற்காமல் செய்யுங்கள்.

அதே காலத்து ஹோண்டா பலவற்றில் வேறு தாளம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, நாலு விநாடிக்குள் ரிமோட்டில் பூட்டும் பட்டனை அழுத்தி, நாலு விநாடிக்குள் சாவியை அணைக்க வேண்டும். ஒரே ரிமோட்டை வைத்து மூன்று முறை. நாலாவது முறை ஆன் செய்து அழுத்தும்போது கதவுகள் தாமாகப் பூட்டித் திறந்து சத்தம் காட்டும். உடனே, அதே நாலு விநாடிக் கணக்கில், வைத்திருக்கிற ரிமோட் ஒவ்வொன்றையும் அழுத்த வேண்டும். இங்கே தவறுவது எப்போதும் நேரம்தான். "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு செய்யுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் எண்ணச் சொல்லுங்கள்.

டொயோட்டா முறையில் கதவைத் திறப்பது, சாத்துவது, சாவியைச் செருகுவது எல்லாம் கலந்து வரும். அதை மனப்பாடமாகச் செய்ய நான் துணிவதில்லை. உங்கள் மாடலுக்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கதவு சுவிட்சையும் பார்த்துவிடுங்கள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தும் உள்விளக்கு அணையவில்லை என்றால், ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாகவே காடி நினைத்துக்கொண்டிருக்கிறது. செம்மண் தூசி ஏறிய சுவிட்ச் உள்ளே அமுங்கியே நின்றுவிடும், அல்லது அமுங்காமல் முரண்டு பிடிக்கும். காடி பேட்டரியும் சோர்ந்திருக்கக் கூடாது. நின்றிருக்கும் காடியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

பெட்டியாக இருந்தால் வழி வேறு. பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. பல பெட்டிகளில் சாவியை ஆன் செய்துவிட்டு அந்த ஒளித்து வைத்த பட்டனைக் குறிப்பிட்ட தடவை அழுத்தினாலோ, பிடித்து வைத்தாலோ எல்.இ.டி. நிலையாக எரியும், அல்லது சைரன் ஒரு முறை கத்தும். அப்போது புது ரிமோட்டை அழுத்தினால் பதியும். எத்தனை தடவை என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அதனால் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளை ஃபோனில் படமெடுத்து, அதே எண்ணுள்ள ரிமோட்டையே வாங்குங்கள். உருவம் ஒரே மாதிரி இருப்பதை நம்பாதீர்கள். நானே ஒரு முறை படத்தை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கினேன். ஓடு, பட்டன், வளையம்கூட அச்சு அசல் அதேதான். உள்ளே அதிர்வெண் 315, பெட்டி கேட்பது 433.92. விற்றவரிடம் சொன்னதற்கு "நீங்கள் ஓட்டைத்தானே பார்த்து வாங்கினீர்கள்" என்று பதில் வந்தது. நியாயம்தான், என்ன செய்ய.

பட்டன் எதையும் கேட்காத பழைய பெட்டிகளும் உண்டு. பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் கஞ்சிலில் அப்படி ஒன்று. ரிமோட்டைத் திறந்தால் 2262 என்று முடிகிற எண்ணுள்ள சிப். இதில் குறியீடு மாறவே மாறாது. சிப்பின் எட்டுக் கால்களை மேல் கோட்டோடோ கீழ்க் கோட்டோடோ ஈயத்தால் சேர்த்திருப்பார்கள், அல்லது சேர்க்காமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று நிலை. எட்டுக் காலுக்கும் சேர்த்து 6561 குறியீடுகள் வரும். இங்கே பதிவு என்று ஒன்றுமே இல்லை. பழைய ரிமோட்டில் எந்தக் கால் எங்கே ஒட்டியிருக்கிறதோ, அதேபோலப் புதியதில் ஈயத்தை வைத்தால் முடிந்தது. பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரின் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது மாறினால் குறியீடு சரியாக இருந்தும் வேகம் ஒத்துப்போகாது. டீச்சர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "அஞ்சாவது கால் மேல, ஆறாவது காலி" என்று வாசித்தார்; நான் ஈயம் வைத்தேன். வேலை முடிந்ததும் இன்னொன்றும் சொன்னேன். இந்த வகைக் குறியீட்டை நகல் எடுக்கும் ரிமோட்டைச் சந்தையில் யாரும் வாங்கலாம். காடிக்குள் கைப்பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள் டீச்சர்.

நகல் ரிமோட், ஒவ்வொரு அழுத்துக்கும் மாறும் குறியீடு உள்ள காடியில் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அது நிலையான குறியீட்டுக்கு மட்டும்தான்.

புது ரிமோட் வேலை செய்கிறது, பழையது செத்துப் போய்விட்டது

ஹோண்டா முறையில் இது கோளாறே இல்லை. பதிவு நிலைக்குள் போனதும் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும். வீட்டுக்காரம்மாவின் கைப்பையில் இருக்கிற இரண்டாவது ரிமோட்டையும் கையோடு கொண்டுவந்து ஒரே மூச்சில் பதிய வேண்டும்.

முதல் அழுத்தில் திறக்கவில்லை, இரண்டாவதில் திறக்கிறது

மாறும் குறியீட்டு ரிமோட்டில் ஒவ்வொரு அழுத்துக்கும் எண் ஒன்று கூடும். குழந்தை கையில் கிடைத்து, காடி கேட்காத தூரத்தில் இருபது தடவை அழுத்திவிட்டது என்று வையுங்கள். கீலாக் வகைச் சிப்புகளில் அடுத்த 16 எண்கள்வரை காடி கேள்வி கேட்காமல் ஏற்கும். அதையும் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு அழுத்தங்களைக் கேட்ட பிறகே நம்பும். அந்த அளவு சுமார் 32,000 எண்கள்வரை போகும். ஆகவே பேரப்பிள்ளை விளையாடியதால் ரிமோட் கெட்டுவிட்டது என்று அடிக்காதீர்கள். இரண்டு முறை அழுத்துங்கள், போதும்.

பேட்டரியைக் கழற்றினால் பதிவு போய்விடும் என்ற பயமும் இதே வகைச் சிப்புகளில் வேண்டாம். அந்த எண், மின்சாரம் இல்லாமலே நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது.

வீட்டில் வேலை செய்கிறது, டவுனில் செய்யவில்லை

433.92-இல் உங்கள் காடி மட்டும் இல்லை. கம்பியில்லா அழைப்பு மணி, கேட் ரிமோட் என்று ஒரு கூட்டமே அங்கே பேசிக்கொண்டிருக்கிறது. காடியின் மறுபக்கம் போய் அழுத்திப் பாருங்கள், அல்லது பத்தடி தள்ளி நிறுத்திப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு எங்கே போனாலும் இதே தொல்லை. கடைசியில் பார்த்தால் அதே சாவிக்கொத்தில் மாட்டியிருந்த கேட் ரிமோட்டின் பட்டன் அமுங்கியே கிடந்தது. அது ஓயாமல் கத்த, காடி ரிமோட்டின் குரல் எடுபடவில்லை.

தூரம் படிப்படியாகக் குறைந்தால் பேட்டரியைப் பாருங்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய மறுநாளே குறைந்தால் தாளைப் பாருங்கள். உலோகப் பூச்சுள்ள தாள் சிக்னலைத் தின்றுவிடும். பெட்டியின் ஆன்டெனா வயரை யாராவது சுருட்டி இரும்புக்குப் பின்னால் செருகியிருந்தாலும் இதே கதைதான். அதைப் பிரித்து டேஷ்போர்டின் மேல் ஓரமாக நீட்டிவிடுங்கள்.

ஒரு கதவு மட்டும் கேட்கவில்லை

ரிமோட்டைத் தொடவே வேண்டாம். அந்தக் கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர்க் குழாயை இழுத்துப் பாருங்கள். இருபது வருஷமாகத் திறந்து சாத்திய வயர் உள்ளே அறுந்திருக்கும். வயர் முழுதாக இருந்தால் கதவுக்குள் இருக்கும் பூட்டு மோட்டார் போய்விட்டது.

கதவு திறக்கிறது, இஞ்சின் பிடிக்கவில்லை

கதவு திறக்கும் ரிமோட்டும், இஞ்சினை அனுமதிக்கும் சிப்பும் ஒரே சாவித் தலைக்குள் இருந்தாலும் வேறு வேறு ஆட்கள். அந்தச் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருளிலிருந்து சக்தி எடுத்துக்கொள்ளும். உடைந்த சாவியின் ஓட்டை மாற்றும்போது, சின்னக் கறுப்புத் துண்டு ஒன்றைக் குப்பை என்று நினைத்து எறிந்திருப்பீர்கள். பழைய ஓட்டைத் தேடி அதை எடுத்துப் புதிய ஓட்டுக்குள் வையுங்கள். உண்மையிலேயே தொலைந்திருந்தால், கணினி வைத்து சாவி எழுதுகிறவரிடம்தான் போக வேண்டும். நம் ஊரில் அந்தக் கருவி என்னிடம் இல்லை. ஈப்போவுக்கு அனுப்பிவிடுவேன்.

தொலைந்த ரிமோட்டை எடுத்தவன் காடியைத் திறந்துவிடுவானோ

ஹோண்டாவில் இருப்பதை மறுபடி பதிந்தாலே தொலைந்தது அழிந்துவிடும். நிசானில் ஐந்து ரிமோட்டுக்கு இடம் உண்டு. புதிதாக ஒன்று வந்தால் காலி இடத்தில் உட்காரும்; பழையவை அப்படியே இருக்கும். எனவே கையில் இருக்கும் ஒரே ரிமோட்டை ஐந்து தடவை பதியுங்கள். அதையே அது ஐந்து ஆளாக எண்ணிக்கொள்ளும், தொலைந்தது வெளியே தள்ளப்படும். மற்ற ரிமோட்டுகள் இருந்தால் அவற்றை அப்புறம் பதிந்துகொள்ளலாம்.

செம்பனை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு இப்படித்தான் செய்தோம். சாவியைச் செருகி எடுத்துச் செருகி எடுத்து இரண்டு பேருக்கும் கை வலித்தது. இரண்டு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். தொலைந்த ரிமோட் அவருடைய மழைக்காலப் பூட்ஸுக்குள் கிடந்ததாம். அழுத்திப் பார்த்தோம், கதவு அசையவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து, மறுபடி ஆறு தடவை.